பழுதை முதலில் சொல்கிறவள்

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கேட்டால், "எழுதுங்க மாமா, நான் என்ன திருடவா செஞ்சேன்?" என்பாள். அதனாலேயே கேட்கவில்லை. அவளுக்கு மறைக்க எதுவும் கிடையாது. மறைத்தவன் நான்.

கறம்பக்குடி போகும் சாலையில் எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு மதில் ஒன்று உண்டு. நான் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அவள் அப்பா வளைகுடாவில் லாரி ஓட்டியவர். அம்மா இங்கே பலா மரங்களையும் முந்திரிக் கொல்லையையும் பார்த்துக்கொண்டாள். நாங்கள் சொந்தமில்லை. அம்மா என்னை அண்ணன் என்று கூப்பிட்டாள், அதனால் நான் மகளுக்கு மாமா ஆனேன்.

அவள் மூன்றாவதோ நான்காவதோ படித்த காலம். பலா சீசனில் சாலையோரம் பழங்களை அடுக்கி வைத்து அம்மா விற்றுக்கொண்டிருந்தாள். வெளியூர்க் கார் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் பெரிய பழமாகப் பார்த்துத் தட்டினார்.

"அது வேணாம் சார்" என்றாள் இவள். "அடிப்பக்கம் அழுகியிருக்கு. அறுத்தது இல்லை, தானா விழுந்தது."

"வாய மூடுடி" என்றாள் அம்மா.

கார்க்காரர் சிரித்தார். சிரித்துவிட்டு எந்தப் பழமும் வாங்காமல் போய்விட்டார். உண்மைக்குக் கைமேல் பலன் கிடைத்தது என்று எழுத ஆசைதான். கிடைக்கவில்லை. "ஒன்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஒரு பலாக்கொட்டைகூட விக்க முடியாதுடி" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மதிலுக்கு இந்தப் பக்கம் நின்ற நானும் என் பங்குக்குச் சொன்னேன்: "பாப்பாவை எங்க ஆபீசுல உக்கார வச்சா ஒரு பத்திரம்கூடப் பதிவாகாது போல."

வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஆனால் என் உத்தியோகத்தை நினைத்துப் பார்த்தால் அதில் வேடிக்கை எதுவும் இல்லை. விற்ற விலை ஒன்று, பத்திரத்தில் எழுதிய விலை வேறொன்று என்பது எனக்குத் தெரியும். தெரியாதது போல முத்திரை குத்துவதுதான் என் வேலை. பொய் கேட்டுப் பொய் கேட்டு என் காது பழகிவிட்டது. வாயும் பழகியிருந்தது என்பதைப் பிற்பாடுதான் கண்டுகொண்டேன்.

கல்லூரி விடுமுறையில் என் ஸ்கூட்டரை எடுத்து ஓட்டிப் பழகினாள். திரும்பி வந்து வண்டியை நிறுத்துவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"மாமா, எடது கண்ணாடி ஒடஞ்சிருச்சு. வேப்ப மரத்துல இடிச்சது நான்தான். பிரேக்கு பிடிக்கலை, அது நான் இல்லை. அது ஏற்கெனவே அப்படித்தான் இருந்துச்சு. இம்புட்டு நாளா அதோடதான் ஓட்டுனீங்களா?"

கண்ணாடிக்குக் கோபப்படுவதா, பிரேக்குக்கு வெட்கப்படுவதா என்று தெரியாமல் நின்றேன்.

அவள் விமானம் ஓட்டப் போனதைக் கேட்டு ஊரே வாய் பிளந்தது. புயலில் சாய்ந்தது போக மிஞ்சியிருந்த தென்னந்தோப்பை அப்பா விற்றார். அந்தப் பத்திரத்துக்கு நான்தான் யோசனை சொன்னேன். பயிற்சிக்குப் போன இடத்தில் ஒரு நாள் தனியாக ஓட்டி இறக்கும்போது சக்கரம் தரையில் சற்றுப் பலமாக இடித்துவிட்டதாம். யாரும் பார்க்கவில்லை. இறங்கியதும் போய்ச் சொல்லிவிட்டாள். விமானத்தை ஓரங்கட்டி முழுக்கச் சோதித்தார்கள். எதுவும் ஆகியிருக்கவில்லை. அன்றைக்குப் பறக்க வேண்டிய மற்ற பிள்ளைகள் முறை போன ஆத்திரத்தில் அவளை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள்.

"ஒண்ணும் ஆகலைல்ல, பேசாம இருந்திருக்கலாமே" என்றேன்.

"ஒண்ணும் ஆகலைன்னு தெரியறதுக்குத்தானே மாமா சொல்றது."

இந்தக் குணத்தை அங்கே பயிற்சி கொடுத்தவர்கள் பாராட்டினார்கள். விமானத்தில் சின்ன விளக்கு ஒன்று எரியாவிட்டாலும் ஓட்டியவர் அதை எழுதி வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்பது சட்டம். அவளுக்காகவே எழுதியது போன்ற சட்டம். உரிமம் வாங்கி, ஒரு கம்பெனியில் துணை விமானியாகச் சேர்ந்து, இரண்டு மூன்று வருடம் நன்றாகப் பறந்தாள்.

அப்பா வளைகுடாவிலேயே இறந்து போனார். உடல் வந்து சேர நாளாயிற்று. திருச்சி விமான நிலையத்தில், பயணிகள் வரும் வழியில் இல்லை, சரக்கு இறக்குகிற பக்கம் போய் அவள்தான் கையெழுத்துப் போட்டுப் பெட்டியை வாங்கினாள். நான் கூடப் போயிருந்தேன். அங்கே அவள் அழவில்லை. வேலைக்குத் திரும்பிய பிறகு தூக்கம் போயிற்று. சாப்பாடு இறங்கவில்லை. சீருடை போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் அப்படியே நின்றுவிடுவாளாம். தானாகவே ஒரு மனநல மருத்துவரிடம் போனாள். மனச்சோர்வு நோய் என்று அவர் சொன்னார். மறுநாளே கம்பெனியிடம் போய்ச் சொன்னாள். அன்றோடு பறப்பதை நிறுத்தினார்கள்.

கூட வேலை பார்த்த ஒருவன் முதலிலேயே எச்சரித்தானாம். "வேற ஊருக்குப் போ. வேற பேர் சொல்லி மருந்து வாங்கிக்க. நான் அப்படித்தான் செய்றேன். யாருக்கும் தெரியாது." அவன் இன்றைக்கும் பறந்துகொண்டிருக்கிறான். எத்தனையோ பேரை ஏற்றிக்கொண்டு, எந்த மருத்துவரும் தொடர்ந்து கவனிக்காமல், வேறொருவன் பெயரில் மாத்திரை விழுங்கிக்கொண்டு பறக்கிறான். ஒழுங்காகச் சிகிச்சை எடுத்துக்கொண்டு உண்மையைச் சொன்னவள் கறம்பக்குடியில் வந்து உட்கார்ந்தாள். நோயாளியைப் பறக்க விடக் கூடாது, சரி. குணமாகும்வரை நிறுத்தி வை, அதுவும் சரி. ஆனால் சொன்னவளுக்கு வேலை போகும், மறைத்தவனுக்குச் சம்பளம் ஏறும் என்றால் பிறகு எவன் சொல்வான்?

இப்படிப் பேசுகிற நான் அப்போது அவளிடம் கேட்டது என்ன தெரியுமா? "எதுக்கு பாப்பா சொன்னே?"

மதிலில் கையூன்றி நின்றாள். மெலிந்திருந்தாள். "ஒரு பல்பு போச்சுன்னா எழுதணுமாம் மாமா. நான் பல்பைவிடக் கொறைச்சலா?"

அந்த நாட்களில்கூட அவள் குணம் மாறவில்லை. "மாமா, கிட்ட வராதீங்க, நான் ரெண்டு நாளாக் குளிக்கலை. குளிக்கத் தோணலை" என்று தூரத்திலிருந்தே சொல்வாள். "காலையில முழிப்பே வராம இருந்தா நல்லாருக்கும்னு ஒரு தடவை தோணுச்சு. டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். ஒங்ககிட்டயும் சொல்லிடுறேன்" என்று ஒரு நாள் சொன்னாள். நான் பயந்துபோய் அவள் அம்மாவைப் பார்த்தேன். அம்மா உள்ளே போய்விட்டாள்.

மாத்திரை அட்டையைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல், வருகிறவர் கண்ணில் படும்படி வைத்திருப்பாள். அம்மா அதை எடுத்து அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைப்பாள். இவள் கைவிட்டுத் துழாவி எடுத்து மறுபடி மேலே வைப்பாள்.

"ஊரு பாக்கும்டி."

"பாக்கட்டும். சக்கரை மாத்திரையா இருந்தா ஒளிப்பியா?"

"அதும் இதும் ஒண்ணா?"

"டாக்டரு ஒண்ணுன்னுதான் சொன்னாரு."

ஊர் பார்த்தது. டீக்கடையில் ஒருவன் என் காதுபடச் சொன்னான்: "இனிமே ப்ளேன்ல ஏறணும்னா யாரு ஓட்டுறான்னு கேட்டுட்டுத்தாம்ப்பா ஏறணும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன். மூச்சு முட்டக் குடித்துவிட்டு மினி பஸ் ஓட்டுகிறவன் வண்டியில் தினமும் பிள்ளைகளை ஏற்றி அனுப்புகிறவர்கள்தான் அங்கே இருந்தவர்கள். இதை அப்போது சொல்லியிருக்க வேண்டும். இப்போது தாளில் எழுதி என்ன?

மருந்து வேலை செய்தது. தூக்கம் வந்தது, முகம் தெளிந்தது. காலையில் முந்திரிக் கொல்லை வரை ஓடிவிட்டு வர ஆரம்பித்தாள். மறுபடி பறக்க வேண்டும் என்றால் மருத்துவக் குழு ஒன்று தகுதி சொல்ல வேண்டும். சிகிச்சை கொடுத்த மருத்துவரின் அறிக்கை, சோதனைகள் எல்லாம் போக, கூட இருந்து பார்த்தவர்களையும் கேட்பார்களாம். அவள் இரண்டு பேரைச் சொல்லியிருந்தாள். அம்மாவையும் என்னையும்.

"மாமா, ஆஸ்பத்திரியிலேருந்து கூப்புடுவாங்க. பூசி மெழுகாதீங்க. நான் படுத்துக் கெடந்தது, சாப்பிடாதது, அப்புறம் எப்படித் தேறுனேன், எல்லாத்தையும் பாத்தபடி சொல்லுங்க. எவ்வளவு மோசமா இருந்தேன்னு தெரிஞ்சாத்தான் எவ்வளவு சரியாயிருக்கேன்னு அவங்களுக்குப் புரியும்."

"சரி பாப்பா" என்றேன்.

அதே வாரம் அவள் அம்மா மதிலோரம் வந்து மெல்லிய குரலில் வேறொன்று சொன்னாள். "அண்ணே, பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு எடம் வந்திருக்கு. மாப்பிள்ளையோட அக்கா ஒங்களைக் கூப்பிட்டு விசாரிக்கும். பாத்துச் சொல்லுங்கண்ணே."

எங்கள் பக்கத்தில் வரன் விசாரிப்பது எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெண் வீட்டில் கேட்க மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரனை, பழைய வாத்தியாரை, தெரிந்த கடைக்காரரைப் பிடித்து, "ஒரு விஷயம் கேக்கணும்" என்று தொடங்குவார்கள். கேட்கப்பட்டவன் ஒரு குறையும் சொல்லக் கூடாது. குடிகாரன் என்றால் "விசேஷத்துல கொஞ்சம்" என்போம். காசநோய் வந்தவன் என்றால் "சளித் தொந்தரவு இருந்துச்சு" என்போம். கல்யாணத்தைக் கெடுத்த பாவம் நமக்கு வேண்டாம் என்று படித்தவர், படிக்காதவர் எல்லோரும் இதில் ஒரே கட்சி. கேட்கிறவர்களும் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்பார்கள். நான் இதில் பேர் போனவன். என் வாய்ச்சொல்லால் முடிந்த கல்யாணங்கள் பல உண்டு.

ஒரு மதியம் போன் அடித்தது. காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவேன். ஒரு பெண் குரல், அவள் பெயரைச் சொல்லி, "அவங்களைப் பத்திக் கொஞ்சம் கேக்கணும் சார். உங்க நம்பரைக் குடுத்தாங்க. நான்..." என்று தொடங்கியது.

அதற்கு மேல் நான் பேசவிடவில்லை. "கேளுங்கம்மா! என் கையில வளந்த பிள்ளை. சொக்கத் தங்கம்" என்று ஆரம்பித்துவிட்டேன். "ஒரு தலைவலின்னு படுத்ததில்ல. ஆஸ்பத்திரி வாசப்படி மிதிச்சதில்ல."

"அப்பா தவறினப்போ எப்படி இருந்தாங்க?"

"பெத்த அப்பனாச்சே, ரெண்டு நாள் அழுதுச்சு. அப்புறம் அதுதான் அம்மாவுக்கே தைரியம் சொல்லுச்சு. லீவு போட்டுட்டு அம்மாவுக்குத் தொணையா வந்து இருக்கு. அம்புட்டுத்தான்."

"தூக்கமெல்லாம் எப்படி சார்? நடு ராத்திரியில எழுந்து உக்காந்துக்கறது, அந்த மாதிரி ஏதாவது?"

அங்கே என் நாக்கு நின்றது. மாப்பிள்ளையின் அக்கா நகை கேட்பாள், நிறம் கேட்பாள், கோபக்காரியா என்று கேட்பாள். பெண் தூங்குகிறாளா என்று இந்த ஊரில் யாரும் கேட்டதில்லை.

"சார், நான் ஆஸ்பத்திரியில சமூகப் பணியாளர். முதல்லயே சொல்ல வந்தேன், நீங்க பேச ஆரம்பிச்சிட்டீங்க. பயப்படாம, பாத்ததைச் சொல்லுங்க. அவங்களுக்கு அது உதவியாத்தான் இருக்கும்."

என்னுடைய குற்றம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அதுவரை நடந்ததைத் தவறு என்று தள்ளிவிடலாம். "மன்னிச்சிருங்கம்மா, கல்யாண விசாரிப்புன்னு நெனச்சுட்டேன்" என்று ஒரு வார்த்தை போதும். அந்தப் பெண் சிரித்திருப்பாள். ஆனால் சற்று முன் சொன்னதெல்லாம் புளுகு என்று முன்பின் தெரியாத ஒருத்தியிடம் ஒப்புக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது. எம்.ஏ. படித்தவன், அரசாங்க முத்திரை வைத்திருந்தவன். அதைவிட மோசமானது ஒன்று உண்டு. எந்த விசாரிப்பானால் என்ன, குறையே இல்லை என்று சொல்வதுதான் பெண்ணுக்கு நல்லது என்று நான் மனதார நம்பினேன். பூசி மெழுகாதீர்கள் என்று சொன்ன பாப்பாவைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று நினைத்தேன்.

"நல்லாத் தூங்குதும்மா. ஒரு கொறையும் கெடையாது" என்றேன்.

வைத்த பிறகு என் மனைவி, "யாரு, பட்டுக்கோட்டைக்காரங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

பாப்பாவின் அம்மா ஆஸ்பத்திரிக்காரர்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தாள். மகள் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தது, தான் பயந்தது, பிறகு தேறியது, எல்லாவற்றையும். மருத்துவர் அறிக்கையும் அதையே சொன்னது. நான் மட்டும் நோயே இல்லை என்றேன். வீட்டுப் பக்கத்திலிருந்து யாரோ எதையோ மறைக்கிறார்கள், இன்னும் ஒரு வருடம் கவனித்துவிட்டு வரட்டும் என்று குழு தள்ளி வைத்தது. அவர்களை எப்படிக் குறை சொல்வேன்? கம்பெனி ஒரு வருடம் காத்திருக்கத் தயாராக இல்லை. வேலை போயிற்று.

குழுவின் முடிவு வந்த அன்று சாயங்காலம் மதிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"மாமா, ஒங்களைக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"நடந்ததைத்தான் பாப்பா சொன்னேன்."

தலையாட்டினாள். நம்பிவிட்டாள். தானாகப் பழுதைச் சொல்கிறவர்களுக்கு இது ஒரு கேடு. நேராகக் கேட்டால் மற்றவர்களும் சொல்லிவிடுவார்கள் என்று நம்புவார்கள். திரும்பி வீட்டுக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் சத்தம் கேட்டது.

"அரிசிக்குள்ள மாத்திரைய ஒளிச்சவதானே நீ! அவங்ககிட்டயும் ஒளிச்சிருப்பே!"

"சத்தியமா இல்லடி."

"மாமாவும் இல்லைன்னுட்டாரு. அப்ப யாரு?"

நான் உள்ளே போய்த் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

அவள் சென்னைக்குப் போய், பறக்கப் படிக்கிற பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தாள். அம்மாவோடு பேச்சு குறைந்துபோயிற்று. எனக்கு மட்டும் ஒழுங்காக போன் செய்வாள். "மாமா, இன்னிக்கு பசிக்குது. நல்ல அறிகுறி" என்பாள். அந்த வருடம் நான் சாப்பிட்டது எதுவும் ருசித்ததில்லை. அதனால் யாருக்கு என்ன லாபம்? வாயைத் திறக்கவில்லையே.

மறு வருடம் அதே குரல் கூப்பிட்டது. இந்த முறை அவள் பேசி முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு, போன வருடம் சொன்னது பொய் என்பதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். தட்டச்சு செய்கிற சத்தம் நின்றது. "இதை அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா சார்?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "சொல்லிடுங்க" என்றாள்.

அதையும் உடனே செய்யவில்லை. தகுதி கிடைத்துவிட்டது என்று அவள் சந்தோஷமாகக் கூப்பிட்ட அன்றுதான் சொன்னேன்.

"மாமா, நீங்க ரெண்டு பொய் சொல்லியிருக்கீங்க. மொதல் பொய்யில எனக்கு ஒரு வருசமும் வேலையும் போச்சு. ரெண்டாவது பொய்யில நான் எங்கம்மாவை ஏசுனேன்." குரல் உயரவில்லை. விமானத்தில் எது பழுது என்று சொல்கிற அதே குரல். "அம்மாகிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன். யாருன்னு சொல்ல மாட்டேன். அது நீங்க சொல்ல வேண்டியது."

இப்போது வடக்கே ஒரு நகரத்தில் சரக்கு விமானம் ஓட்டுகிறாள். பயணிகள் விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. "சரக்கு ஒண்ணும் கேக்காது மாமா" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருச்சியில் அவள் கையெழுத்துப் போட்ட அந்தப் பக்கம்தான் நினைவுக்கு வந்தது.

அவள் அம்மாவிடம் போக எனக்கு இன்னும் ஒரு பலா சீசன் ஆயிற்று. அம்மா சாக்கு விரித்து, கத்தியில் எண்ணெய் தடவிப் பழம் அறுத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவள் கை நிற்கவில்லை.

"தெரியும்ண்ணே."

"பாப்பா சொல்லிருச்சா?"

"அது எதுக்குச் சொல்லணும்? ஒங்க போனு போடுற சத்தம் அங்கிட்டு மோட்டார் ரூமு வரைக்கும் கேக்குமே. அன்னிக்கு நான் இங்கனதான் துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன்."

"அப்ப அன்னிக்கே பாப்பாகிட்ட சொல்லியிருக்கலாமேம்மா. ஒன்னை அந்தப் பேச்சுப் பேசுச்சே!"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "சொல்லி? அவ ஒங்களோட பேசுறதை விட்டுட்டான்னா, மறு வருசம் அவங்க கேக்கையில அவளுக்காக யாரு பேசுவா? ஒங்களை விட்டா ஆரு இருக்கா? எனக்கென்ன, நான் அவ ஆத்தா. எம்மேல எம்புட்டு நாளும் கோவப்படலாம்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால் தெளிவாகச் சொல்ல முடியாது. ஏசியிருக்கலாம், கத்தியைக் காட்டியிருக்கலாம். அப்படி எதுவும் செய்யாமல், ஒரு வருடம் முழுக்க என்னைப் பத்திரமாகக் காத்து வைத்திருக்கிறாள், மறுபடி தேவைப்படுகிற ஒரு சாமான் மாதிரி. பழுதான சாமான் என்று தெரிந்தே.

இலையில் சில சுளைகளை எடுத்து வைத்து என்னிடம் நீட்டினாள்.

"இந்தப் பழம் அவ்வளவா இனிக்காதுண்ணே. சொல்லிட்டேன்."